டெனிஸின் கப்பல் ஸ்பானிஷ்

டெனிஸுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதும் ஒரு கப்பல் சமையலறையில் அவன் வாங்கிய ஏச்சு. அதைத்தான் சேலையூர் கேம்ப் ரோடில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை பிடித்து, போர்டு மாட்டி, என் தங்கை டெபோரா உட்பட பதினைந்து பேருக்குப் பாடமாக நடத்தினான்.

பீர்க்கன்கரணை தயாளன் சாரின் மகன் அவன். தயாளன் சார் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் ஓய்வு பெற்றவர். மகன் கேட்டரிங் படிப்பில் சேர்ந்து இரண்டு பேப்பரில் தோற்றான். பிறகு யாரோ ஏஜென்ட் மூலம் ஒரு சுற்றுலாக் கப்பலில் வேலைக்குப் போனான். போகும்போது சர்ச்சில் அவனுக்காகத் தனியாக ஜெபம் செய்தோம். எட்டாவது மாதம் திரும்பி வந்துவிட்டான். காண்ட்ராக்ட் முடிந்தது என்று அவன் சொன்னான். முதுகு பிடித்துக்கொண்டது என்று அவன் அம்மா சொன்னார்.

கப்பலில் அவன் வெங்காயம் உரித்தான், அண்டா கழுவினான், தரை துடைத்தான். அதில் எந்தக் கேவலமும் இல்லை. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் சட்டைகளுக்கு நூல் பிசிறு பார்க்கிற வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறவள் நான். கை வேலையைக் கேவலமாகப் பேச மாட்டேன். கேவலம், அவன் சென்டர் சுவரில் மாட்டி வைத்திருந்த போட்டோவில் இருந்தது. தலைமைச் சமையல்காரரின் உயரமான தொப்பியை இரவல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பான். தொப்பி காதுவரை இறங்கியிருக்கும். பக்கத்தில் நின்ற யாரையோ வெட்டி எடுத்திருந்தார்கள்; அவருடைய தோள் மட்டும் மிச்சம் இருந்தது.

திரும்பி வந்தவன் இன்ஷூரன்ஸ் விற்றான். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்றான். எங்கள் சர்ச் பாடகர் குழுவைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடத்தினான். சோப்ரானோ என்கிற மேல்குரல் பாடிய இரண்டு அக்காமார் வேறு சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் நாவலூர்ப் பக்கம் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு ஐடி கம்பெனிகளில் நல்ல வேலை என்று பேச்சு வந்தது. ஒரே மாதத்தில் கேம்ப் ரோடில் போர்டு ஏறியது: டெனிஸ் குளோபல் லாங்வேஜ் சென்டர்.

டெபோரா பி.காம். எங்கள் வீட்டில் ஆங்கிலப் பேப்பரைத் தடுமாறாமல் படித்த முதல் ஆள். ஒரு நர்சரிப் பள்ளியில் மிஸ்ஸாக இருந்தாள். நாவலூர்க் கம்பெனி ஒன்று மெக்சிகோ வாடிக்கையாளர்களின் போனை எடுக்க ஆள் தேர்வு செய்யப் போகிறது என்று கேள்விப்பட்டு, பள்ளியை விட்டுவிட்டு டெனிஸிடம் சேர்ந்தாள். பள்ளியில் அந்த இடத்துக்கு மறுநாளே வேறு பெண் வந்துவிட்டாள். ஆகவே இந்த வேலை கிடைத்தால்தான் உண்டு.

அவளுடைய நோட்டை நான் தினமும் பார்ப்பேன். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. பத்தாவதுதான் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு தையல் வரிசையில் எந்த இடத்தில் ஊசி தாண்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவளுக்கு, ஒரு சொல் வரிசையில் எது ஒழுங்கு தவறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. நோட்டு முழுவதும் கட்டளை. பேசு, சாப்பிடு, திற, எழுது, வெட்டு, கழுவு, துடை. வேறு எதுவும் இல்லை. ‘நான் நேற்றுப் போனேன்’ என்று சொல்ல வழியில்லை. ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்க வழியில்லை. கப்பலில் அவனிடம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கட்டளைப் பாடம் மட்டும் சரியாக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். தமிழில் பேசு, எழுது, திற என்று வினையை அப்படியே சொன்னால் கட்டளை. ஸ்பானிஷில் வினைக்கு வால் இருக்கிறது. ஆர், ஏர், ஈர் என்று மூன்று வால். ‘ஆப்லார்’ என்றால் பேசுதல். கடைசி எழுத்தை வெட்டி ‘ஆப்லா’ என்றால் பேசு. ‘கோமேர்’ சாப்பிடுதல், ‘கோமே’ சாப்பிடு. ‘அப்ரீர்’ திறத்தல், இதில் மட்டும் வெட்டியபின் ஈயை ஏ ஆக்கி ‘ஆப்ரே’ என்றால் திற. இது நண்பனிடம், தம்பியிடம் பேசுவது. மரியாதையாக வாங்க, போங்க என்று சொல்ல வேண்டுமானால் ஓசையை இடம் மாற்ற வேண்டும். ஆ இருந்த இடத்தில் ஏ, ஏ இருந்த இடத்தில் ஆ. ‘ஆப்லே’ என்றால் பேசுங்கள். ‘ஆப்ரா’ என்றால் திறங்கள். ஒழுங்கான வினைகள் எல்லாம் இந்தப் பாதையில்தான் போகின்றன. அறுபது வினைகளை டெபோரா நான்கு முறை எழுதியிருந்தாள். நான் பார்த்தவரை இரண்டு இடத்தில்தான் பிசகு. இரண்டும் டெனிஸ் போர்டில் எழுதியபோதே பிசகியவை.

பாடம் சரி. நடத்திய விதம்தான் அவனுடையது. ஒருநாள் மழையில் அவளை அழைத்து வரப் போனபோது, மாடிப்படியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெனிஸ் ஒரு மரக் கரண்டியால் மேஜையைத் தட்டினான்.

“ஆப்ரா லா புவேர்த்தா!”

பதினைந்து பேரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தொண்டை நரம்பு தெரியக் கத்தினார்கள்: “ஆப்ரா லா புவேர்த்தா!”

“சவுண்ட் பத்தல. கப்பல்ல குக் ஒரு ஆர்டர் போட்டா, கிச்சன் மொத்தமும் திருப்பிக் கத்தணும். கத்தலைன்னா நீ கேக்கலைன்னு அர்த்தம். டிசிப்ளின்! இன்னொரு தபா.”

மறுபடி கத்தினார்கள். கதவைத் திறங்கள் என்று பதினைந்து பேர் கத்தினார்கள். கதவு மூடியபடியே இருந்தது. நான் வெளியே நனைந்துகொண்டு நின்றேன்.

மூன்று மாதம் இப்படிக் கத்தினார்கள். கீழே ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள்கூட இரண்டு கட்டளை கற்றுக்கொண்டிருப்பார்கள்.

தேர்வு நாளில் நான் லீவு போட்டு டெபோராவுடன் போனேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ் மாறி நாவலூரில் இறங்கினோம். டெனிஸின் மாணவர்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள். எழுத்துத் தேர்வில் ஏழு பேரும் தேறிவிட்டார்கள். கட்டளைகளை எழுதச் சொல்லிப் பாதித் தாள் இருந்ததாம். மீதியை டெபோரா இரவல் புத்தகத்திலிருந்து தானே படித்து, மற்றவர்களுக்கும் சொல்லியிருந்தாள். அடுத்தது நேரில். பார்வையாளர் இருக்கையில் என்னை உட்கார வைத்தார்கள். எதிரே கண்ணாடி அறை. உள்ளே தேர்வு நடத்தியவர் சினேகா என்ற பெண். மெல்லிய குரல், மெல்லிய ஆள்.

டெபோராதான் முதலில் போனாள். சினேகா மேடம் எதையோ மெதுவாகச் சொன்னார். உடனே என் தங்கை முதுகை நிமிர்த்திக்கொண்டு கத்தினாள்:

“ஆப்ரா லா வெந்தானா!”

கண்ணாடிக்கு வெளியே எனக்கே கேட்டது. ஜன்னலைத் திறங்கள் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். ஜன்னல் டெபோராவுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. சினேகா மேடம் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்து, மறுபடி எதையோ சொன்னார்.

“எஸ்க்ரீபா சு நோம்ப்ரே!”

பெயரை எழுதுங்கள் என்பதற்கும் அதே கத்தல். பேனா மேஜையிலேயே கிடந்தது. மூன்றாவது கட்டளைக்கும் கத்தியபோது வாசலில் இருந்த செக்யூரிட்டி எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, உள்ள சண்டையா?”

“இல்லண்ணா. பரீட்சை.”

“பரீட்சைக்கா இந்தக் கத்து கத்துது அந்தப் பொண்ணு?”

டெபோராவுக்குப் பின் போன ஆறு பேரும் அதையே செய்தார்கள். ஒருவர் விடாமல். கடைசிப் பையன் சூர்யா கத்திய கத்தில் ரிசப்ஷன் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் சினேகா மேடம் வெளியே வந்தார்.

“நீங்க ஏழு பேரும் ஒரே எடத்துலயா படிச்சீங்க?”

ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

“எழுதறதுல தப்பே இல்ல. சொன்னா மட்டும் ஏன் யாரும் செய்ய மாட்டேங்கறீங்க? கஸ்டமர் ‘இதைப் பாருங்க’ன்னு சொன்னா, நீங்களும் அவருக்கு ‘இதைப் பாருங்க’ன்னு கத்துவீங்களா?” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “எழுத்துல பாஸ் பண்ணினதால இன்னொரு சான்ஸ் தரேன். அடுத்த மாசம் மூணாம் தேதி. அதுலயும் இப்படின்னா மறுபடி அப்ளை பண்ண ஒரு வருஷம் ஆகும்.”

பஸ்ஸில் டெபோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடவாக்கம் வந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் புரிஞ்சுதுக்கா. ஜன்னலைத் திறக்கச் சொல்றாங்கன்னு நல்லாப் புரிஞ்சுது. கை எழும்பறதுக்குள்ள வாய் கத்திடுச்சு.”

அன்று மாலையே அவளையும் இழுத்துக்கொண்டு கேம்ப் ரோடு போனேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். டெனிஸ் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க ரோஸி மேடம்! எப்டிப் போச்சு நம்ம டெபோராவுக்கு?”

“நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே கத்திட்டு வந்திருக்கா, சார்.”

“சூப்பர்! வாய்ஸ் எப்டி?”

“வாய்ஸ் கேட்டு செக்யூரிட்டி எழுந்து வந்துட்டாரு.”

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் உதட்டைப் பிதுக்கினான். “பிரசன்ஸ் ஆஃப் மைண்ட் இல்ல மேடம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு அதான் பிராப்ளம்.”

“ஏழு பேருக்கும் ஒரே நேரத்துல இல்லாமப் போச்சா?”

டெனிஸ் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“ஒண்ணு கேக்கறேன். கப்பல்ல நீங்க திருப்பிக் கத்துவீங்கன்னு சொன்னீங்க. கத்தினப்புறம் என்ன செய்வீங்க?”

“வேலையத்தான். வெட்டுன்னா வெட்டுவோம். கழுவுன்னா கழுவுவோம்.”

“அந்தப் பாதி இங்க எங்க போச்சு?”

டெனிஸ் அறையைச் சுற்றிப் பார்த்தான். அவன் பார்ப்பதைப் பார்த்து நானும் பார்த்தேன். நான்கு பெஞ்ச், ஒரு மேஜை, சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண்.

“எடம் கம்மி மேடம். பதினஞ்சு பேரும் எழுந்து நடந்தா பெஞ்ச் சாஞ்சிரும். அதான் கத்தறதோட நிறுத்திட்டேன்.”

இவ்வளவுதான் காரணம். பெஞ்ச் சாய்ந்துவிடும். பதினைந்து பேருடைய மூன்று மாதத்தை அவன் நான்கு பெஞ்சுக்காக வீணடித்திருந்தான். எங்கள் கம்பெனியில் பட்டன் தைக்காமல் பட்டன் துளை மட்டும் தைத்து ஒருத்தி ஐம்பது சட்டை அனுப்பினாள். அவளுக்காவது பட்டன் டப்பா வரவில்லை என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது.

அப்போது டெபோரா, அதுவரை வாசலில் நின்றவள், சாதாரணக் குரலில் சொன்னாள்: “லிம்பியே லா பிசார்ரா.”

போர்டைத் துடையுங்கள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவள் வாய் மூடுவதற்குள் டெனிஸ் எழுந்துவிட்டான். கால் மேல் போட்ட கால் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. டஸ்டரை எடுத்து மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல், நான்கே இழுப்பில் போர்டைத் துடைத்து முடித்தான். முடித்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது.

“ஆப்ரா லா வெந்தானா.”

ஜன்னலைத் திறந்தான்.

“பார்ரா எல் பீசோ.”

தரையைக் கூட்டுங்கள். மூலையில் துடைப்பம் இருந்தது. அதை எடுத்தே விட்டான். அந்த வேகம் எனக்கு அருவருப்பாக இருந்தது. முப்பத்தெட்டு வயது ஆள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாடகர் குழுவை மிரட்டியவன், இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் சொல்லுக்கு இப்படிக் குனிகிறான். ஆனால் வேலை சுத்தம். அந்தக் கப்பல்காரர்கள் அவனுக்குள் எதைப் போட்டு அனுப்பினார்களோ, அது அப்படியே இருந்தது. அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

“போதும் சார்,” என்றாள் டெபோரா. “இப்ப நீங்க சொல்லுங்க. நான் செய்யறேன்.”

சொன்னான். அவள் கத்தினாள். மறுபடி சொன்னான். மறுபடி கத்தினாள். வாயைக் கையால் பொத்திப் பார்த்தாள்; ஒரு கை வாயோடு மாட்டிக்கொண்டது, மற்றது கதவைத் திறக்க எழவில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். விழுங்கவில்லை. கன்னம் உப்ப, டெனிஸைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கையசைத்தாள்.

“லெவாந்தே லா மானோ.”

‘ம்ம்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கை உயர்ந்தது.

மறுநாள் பெஞ்ச் நான்கையும் மொட்டை மாடியில் போடச் சொன்னேன். டெனிஸ் “வெயில்ல வெடிச்சிரும் மேடம்” என்றான். “வெடிக்கட்டும்” என்றேன். சூர்யாவும் நானும் தூக்கினோம். டெனிஸ் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு வழி சொன்னான். காலியான அறையில் ஏழு பேரும் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுதினார்கள், கதவைத் திறந்து மூடினார்கள். யாராவது பழக்கதோஷத்தில் கத்தினால் முன்னால் இருப்பவர் முதுகெல்லாம் தண்ணீர். மூன்றாம் நாள் டெனிஸின் சட்டையே நனைந்தது.

வீட்டிலும் டெபோரா போனில் பதிவு செய்த கட்டளைகளைப் போட்டுவிட்டு, உப்பிய கன்னத்தோடு நடமாடினாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“பல்வலியாடி ரோஸி இவளுக்கு?”

“இல்லம்மா, படிக்கிறா.”

“வாயை மூடிக்கிட்டு என்ன படிப்பு?” என்றார் அம்மா. “அந்த டெனிஸ் சொல்லிக் குடுத்ததா? அவன் அப்பாருகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன் இரு.”

கடைசி இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் செய்தாள். வாய் அசையவில்லை.

இதற்குள் டெனிஸ் புது நோட்டீஸ் அடித்துவிட்டான். ‘வாட்டர் மெத்தட். இந்தியாவில் முதன்முறை’ என்று போட்டிருந்தது. கண்டுபிடித்தவர் என்று அவன் பெயர். தேர்வுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கும்போது அதைக் கொண்டுவந்து என்னிடமே நீட்டினான். பிழை பார்த்துத் தர வேண்டுமாம். பார்த்தேன். முழுசும் பிழை என்று திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் தேதி மறுபடி நாவலூர். அதே இருக்கை, அதே கண்ணாடி. நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சினேகா மேடத்தின் உதடு அசைந்தது. டெபோரா எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். உட்கார்ந்தாள். எழுதினாள். ஒரு தாளை எடுத்து வாசித்தாள். அப்போது மட்டும் அவள் வாய் அசைந்தது. வெளியே எனக்குச் சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல் என் தங்கையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு சினேகா மேடம் கடைசியாக ஒன்று சொன்னார். டெபோரா எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை. கதவுக்கு அருகே சுவரோரம் நின்றுகொண்டாள்.

“என்னாச்சு டெபி? முடிஞ்சுதா?”

“வெளிய காத்திருங்கன்னு சொன்னாங்கக்கா. எஸ்பேரே அஃப்வேரா.”

“சரி, வந்து உக்காரு.”

“இருக்கட்டும்.”

மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். மூன்று பேர் காபி மெஷினைத் தேடிப் போய்விட்டார்கள். சூர்யா போன் பேசப் படியிறங்கினான். நாற்பது நிமிடம் ஆனது. டெபோரா நகரவில்லை. டெனிஸிடமிருந்து என் போனுக்கு நான்கு முறை அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை.

சினேகா மேடம் கதவைத் திறந்தபோது அவர் கண் நேராக அவள்மேல் விழுந்தது.

“இன்னும் இங்கயேதான் நிக்கறீங்களா?” என்று சிரித்தார். “உள்ள வாங்க டெபோரா. சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா? வர்ற திங்கக்கிழமை சேரணும்.”

ஏழு பேரில் நான்கு பேருக்குக் கிடைத்தது. டெபோரா ஒருத்தி.

மறுநாள் காலை டெனிஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா கொடுத்த காபியைக் குடித்தபடி, ஃபிளக்ஸ் அடிக்கப் போவதாகவும், அதில் டெபோராவின் போட்டோவையும் வேலைக்கான கடிதத்தின் நகலையும் பெரிதாகப் போடப் போவதாகவும் சொன்னான்.

“நம்ம சென்டரோட ஃபர்ஸ்ட் பிளேஸ்மென்ட் மேடம். என்னோட ஃபீலிங் ஒங்களுக்குப் புரியுதா?”

எனக்குப் புரிந்தது. அதனால்தான் டெபோராவைப் பார்த்தேன்.

டெபோரா சொன்னாள்: “லெட்டர் தர மாட்டேன் சார். அது என்னோடது. போட்டோ வேணா எடுத்துக்குங்க.”

அவன் உடனே போனை எடுத்து அவளைச் சுவரோரம் நிறுத்தினான். காலண்டரைக் கழற்றச் சொன்னான். யாரும் கழற்றாததால் அவனே கழற்றினான். “கொஞ்சம் சிரி டெபோரா,” என்றான். “இன்னும் கொஞ்சம். இதைப் பாத்து நாலு பேர் வந்து சேரணும்.”

அவள் சிரிக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.